வில்பிரட்டுக்கு இளைப்பாற்றி

புன்னைக்காயல்
12-6-1977

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பி வளனுக்கு, அக்கா அல்போன்சா எழுதுவது. நானும் பிள்ளை ஸ்டெல்லாவும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? பம்பாயில் மழை தொடங்கிவிட்டதா?

தந்தி கிடைத்திருக்கும். உன் அத்தான் போய்விட்டார். காற்றில் வள்ளம் கவிழ்ந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். கூடப் போன மரியான் மட்டும் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தான். அத்தானைக் கடல் திருப்பித் தரவில்லை. ஆற்று வாயிலிருந்து பழையகாயல் வரைக்கும் வள்ளங்கள் போய்த் தேடின. அவர் உடுத்தியிருந்த சாரம்கூடக் கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காதவர்களுக்கு நம்மூரில் செய்கிறபடி செய்தோம். நடுக்கோயிலில் கறுப்புத் துணி போர்த்தித் தும்பா வைத்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லாத அந்தச் சவப்பெட்டிக்குச் சுற்றிலும் மெழுகுதிரி. சங்கு குளிக்கப் போய் அத்தனை ஆழத்திலிருந்து மூச்சு முட்டாமல் ஏறி வருகிற மனுசருக்கு வெறும் பெட்டி. எனக்கு அழுகை வரவில்லை. பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

சாமியார் அவர் பெயரை வாசித்து, இவருடைய ஆத்துமம் இளைப்பாறட்டும் என்றதும் கோயில் முழுக்க இளைப்பாற்றிக்குப் பதில் சொல்லியது. மோட்டார் லாஞ்சு வைத்திருக்கிறாரே வில்பிரட், அவர் முன் பெஞ்சில் நின்றுகொண்டு எல்லோரையும்விடச் சத்தமாகப் பதில் சொன்னார். அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. ஏன் என்று இந்தக் காகிதத்தில் எழுத மாட்டேன். இதை ஒட்டுகிறது நானாக இருந்தாலும் பிரிக்கிறது யாரோ.

வேளைக்குச் சாப்பிடு. லீவு கேட்டு அலையாதே.

சேசுவில் உன் அக்கா
அல்போன்சா


பம்பாய்
24-6-1977

அன்புள்ள அக்காவுக்கு, வளன் எழுதுவது. நான் நல்ல சுகம். நீயும் ஸ்டெல்லாவும் தைரியமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

தந்தி வந்த அன்று கப்பலில் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தேன். சரக்கை இறக்கி முடித்த பிறகுதான் கொடுத்தார்கள். லீவு கேட்டேன். அக்காள் புருசனுக்கெல்லாம் லீவு இல்லை என்றான் மேஸ்திரி. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் நீச்சல் பழக்கிய மனுசர் அவனுக்கு வெறும் அக்காள் புருசன்.

காற்று என்று எழுதியிருக்கிறாய். அது உன் எழுத்து, உன் பேச்சு இல்லை. மே மாதக் காற்றில் பாஸ்கல் அத்தான் வள்ளம் கவிழ்ந்தது என்றால் நம்மூர்க் கைக்குழந்தைகூட நம்பாது. வில்பிரட் பேரை ஏன் எழுதினாய்? நடந்ததை எழுது. எழுதாவிட்டால் நான் வேலையை விட்டுவிட்டு நேரில் வந்து கேட்பேன்.

உன் தம்பி
வளன்


புன்னைக்காயல்
10-7-1977

சேசுவின் திரு இருதயம் நம்மைக் காக்க

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. உனக்கு இருமல் போயிற்றா?

இதை ஏரல் சந்தைக்குப் போகிறபோது அங்கேயுள்ள தபால் பெட்டியில் போடுகிறேன். அதனால் எழுதுகிறேன்.

கரை சேர்ந்த அன்று மரியான் ஈரத்தோடு நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தான். பல் கிட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை. கருப்பட்டிக் காப்பி கொடுத்த பிறகு சொன்னான். "லாஞ்சு ஏறிருச்சு மயினி. கரையை ஒட்டி எறாலுக்கு இழுத்துட்டு வந்தாரு வில்பிரட்டு. அண்ணன் எந்திரிச்சு நின்னு கத்துனாரு. அவரு வீலைத் திருப்பினாரு. விலகிப் போகத் திருப்பல மயினி, நம்ம பக்கமாத் திருப்பினாரு."

கரையோரம் லாஞ்சு வரக்கூடாது என்று ஊர்க் கூட்டத்தில் அத்தான் எழுந்து பேசினது உனக்குத் தெரியும். அன்றைக்கே வில்பிரட் முகம் கறுத்துப் போயிருந்தது.

மறுநாள் காலையில் அதே மரியான் போலீஸ்காரர்களிடம் காற்று என்று சொன்னான். அவர்களும் காற்று என்று எழுதிக்கொண்டு போனார்கள். இப்போது அவன் வில்பிரட் லாஞ்சிலேயே வேலைக்குப் போகிறான். என்னைக் கண்டால் வேறு தெருவில் திரும்பிப் போகிறான். நான் நேரில் பார்த்தவள் இல்லை. நான் சொன்னால் எடுபடாது. வாயைத் திறக்க வேண்டியவன் அவன் ஒருவன்தான்.

நான் இதைப் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்கு முன்னாலேயே கிணற்றடியில் வில்பிரட்டின் ஆள் ஒருத்தன் என்னை மறித்தான். "ஏளா, கடல்ல நடந்தது கடலோட போவட்டும். ஒனக்குப் பொட்டப்புள்ள ஒண்ணு இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து இருட்டினால் ஓட்டின்மேல் கல் விழுகிறது. பிள்ளையை நடுவில் போட்டுக்கொண்டு செபமாலை சொல்கிறேன். பாதியில் எந்த மணியில் நிற்கிறேன் என்று தெரியாமல் போய்விடுகிறது. தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் நீ வராதே. வந்தால் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும்.

சேசுவில் உன் அக்கா
அல்போன்சா


பம்பாய்
29-7-1977

அக்காவுக்கு வளன் எழுதுவது. இங்கே சுகம். அங்கே சுகமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அத்தானைக் கொன்றவன் அத்தானுக்கே இளைப்பாற்றி சொன்னானா? அதையும் சத்தமாகச் சொன்னானா? அக்கா, அந்த வாயை நான் கிழிக்காமல் விட்டால் நான் சின்னராணி வயிற்றில் பிறந்தவன் இல்லை.

நீ கல் விழ விழ செபமாலை சொல்கிறாய். அவன் லாஞ்சில் பெட்டி பெட்டியாக இறால் ஏறுகிறது. மாதா யார் பக்கம் என்று கேட்டுச் சொல். நீ செபமாலையை உருட்டு, நான் அவனை உருட்டுகிறேன். கோபித்துக்கொள்ளாதே, எனக்கு இப்போது இப்படித்தான் பேச வருகிறது.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஏரலில் செல்லத்தாய் சித்தி வீட்டுக்குப் போய்விடு. கொஞ்ச நாள் அங்கே இரு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வளன்


புன்னைக்காயல்
20-8-1977

மரியாயே வாழ்க

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. மோட்சராக்கினித் திருநாளுக்குப் பிள்ளைக்குப் புதுப் பாவாடை தைத்துக் கொடுத்தேன். நீ அனுப்பின துணிதான். உயரம் கொஞ்சம் கூடுதல், மடித்துத் தைத்திருக்கிறேன். உன் சாப்பாடு எப்படி? அந்த மலையாளத்தான் கடையை விட்டுவிட்டாயா?

நான் ஏரலுக்குப் போகவில்லை. போனால் அவன் ஜெயித்துவிட்டான் என்று அர்த்தம்.

போன வாரம் நம் வலையைக் கொளுத்திவிட்டார்கள். அத்தான் கையால் முடிச்சுப் போட்ட வலை. காலையில் எழுந்து பார்த்தால் முற்றத்தில் கறுப்பாக உருகிக் கிடந்தது. அக்கம்பக்கத்தில் ஒருவரும் வெளியே வரவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். அவர்களைச் சொல்லி என்ன, போன மாதம் நானும் அப்படித்தான் நின்றேன்.

செபத்தைப் பற்றிக் கேலியாக எழுதியிருந்தாய். கேள். முதலில் கதவு தாங்க வேண்டும் என்று செபித்தேன். தாங்கியது. பிறகு என் குரல் நடுங்காமல் ஒரு பத்து மணியாவது சொல்ல வேண்டும் என்று செபித்தேன். அதற்குத்தான் நிறைய நாள் பிடித்தது. கல் விழும், நான் நிறுத்துவேன், திரும்ப முதலிலிருந்து தொடங்குவேன். வலை எரிந்த அன்று ஐம்பத்து மூன்று மணியும் நிற்காமல் சொன்னேன். அவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்று தெரிந்தே வேண்டுமென்று சத்தமாகச் சொன்னேன். இப்போது தினமும் முதல் மணி அடித்ததும் பூசைக்குப் போகிறேன். கோயிலுக்கு இரண்டு வழி இருக்கிறது. நான் வில்பிரட் வீட்டு வழியாகப் போகிறேன். அவர் வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நிற்பார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். அவர்தான் திரும்பிக்கொள்கிறார்.

சர்வேசுரன் என் பயத்தை எடுத்துக்கொண்டார். கோபத்தை எடுக்கவில்லை. அதையும் எடுத்துக்கொள்ளும் என்று நான் கேட்கவும் இல்லை. அவன் நாசமாய்ப் போக வேண்டும் என்றுதான் நற்கருணை வாங்கிக்கொண்டு வந்து முழங்காலில் நிற்கிறேன். பாவமாக இருந்தால் இருக்கட்டும்.

சேசுவில் உன் அக்கா
அல்போன்சா


பம்பாய்
14-9-1977

அன்புள்ள அக்காவுக்கு, சுகம். நீயும் சுகமாக இருப்பாய்.

கேட்பதற்கு மட்டும் பதில் எழுது. வில்பிரட் தூத்துக்குடியில் இறாலைப் போடுகிற அன்று ஊர் திரும்புவானா, அங்கேயே தங்குவானா? தங்கினால் எங்கே? கூட ஆள் இருக்குமா? முன்னே மாதிரிக் குடிக்கிறானா?

பிள்ளைக்கு முத்தம்.

வளன்


புன்னைக்காயல்
9-10-1977

பனிமய மாதா துணை

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். இங்கே நல்ல மழை. ஆத்தூர்ப் பக்கம் கொடிக்காலில் தண்ணீர் நின்று வெற்றிலை அழுகுகிறதாம். பிச்சையா அண்ணாச்சி கூடையோடு வந்து புலம்பிவிட்டுப் போனார். உன்னை விசாரித்தார். வெற்றிலைக் கட்டு ரயிலேற்ற மணியாச்சிக்குப் போகும்போதெல்லாம் பம்பாய் வண்டியைப் பார்த்தால் உன் ஞாபகம் வருமாம்.

பழைய சாமியார் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்திருப்பவர் திருச்சிப் பக்கத்துக்காரர், வயது குறைவு. ஊரில் ஒருத்தரையும் இன்னும் தெரியாது. என்னைப் பாஸ்கல் விதவை என்று கோயில் உபதேசியார் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

உனக்குக் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கச் சொல்லி வீரபாண்டியன்பட்டினத்தில் ஒரு வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். கிறிஸ்துமசுக்கு வரும்போது பார்க்கலாம். தலைமுடியை ஒழுங்காக வெட்டிக்கொண்டு வா.

அடுத்த மாதம் செத்தவர்களுக்காக வேண்டுகிற ஆத்துமாக்கள் மாதம். அது கழியும் மட்டும் நீ இருந்த இடத்தில் இரு. எனக்கு உன்னிடம் வேறு ஒன்றும் வேண்டாம்.

சேசுவில் உன் அக்கா
அல்போன்சா


பம்பாய்
8-11-1977

சேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு உன் தம்பி வளன் எழுதுவது. நான் சுகம், மிகவும் சுகம். மழை விட்ட மாதிரி இருக்கிறது மனது.

நீ திட்டினாலும் சரி, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். நான் கேட்டதற்கு நீ பதில் எழுதாததால் நானே புறப்பட்டுவிட்டேன். தாயார் சாகக் கிடக்கிறாள் என்று மேஸ்திரியிடம் பொய் சொன்னேன். அம்மா மன்னிக்கட்டும், அவள்தான் செத்துப் பதினைந்து வருசம் ஆயிற்றே. கயிறு அறுக்கிற கத்தி ஒன்றைத் தீட்டி மடியில் செருகிக்கொண்டேன். தூத்துக்குடியில் இறங்கி அவனைப் பார்த்து முடித்துவிட்டு நேராகப் போலீசுக்குப் போவது என்று இருந்தேன். உன் வீட்டுப் பக்கம் வருவதாக இல்லை. வந்தால் உன் முகத்தைப் பார்த்து மனசு மாறிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மணியாச்சியில் வண்டி நின்றது. டீ குடிக்க இறங்கினேன். எதிர் வண்டியில் வெற்றிலைக் கட்டு ஏற்றிக்கொண்டிருந்த பிச்சையா அண்ணாச்சி என்னைப் பார்த்துவிட்டார். நானாக வாய் கொடுத்து, வில்பிரட் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். அண்ணாச்சி துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். "ஒனக்குத் தெரியாதாலே? புதங்கிழமை ஒங்க கோயில்ல அவனுக்குச் செத்த பூசை வச்சாச்சே. கறுப்புப் பெட்டி வச்சு, ஊரே பாடிச்சாம். பொண்டாட்டிக்காரி விழுந்து அழுதாளாம்" என்றார். எப்படிச் செத்தான் என்று கேட்டேன். அது தெரியாது, ஆத்தூரில் பேசிக்கொண்டதைச் சொன்னேன் என்றார்.

அக்கா, அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நான் செய்ய வந்ததை ஆண்டவரே செய்து முடித்துவிட்டார். நீ உருட்டின செபமாலை வீண் போகவில்லை. உன்னைக் கேலி செய்தேனே, அந்த வாய்க்கு நானே ஒரு அறை கொடுத்துக்கொண்டேன்.

அவன் செத்த வாரத்தில் நான் ஊரில் தலை காட்டினால் ஜனம் கதை கட்டும். அதனால் எதிர் வண்டியிலேயே ஏறித் திரும்பிவிட்டேன். கத்தியை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டேன். கூடைக் கயிறு அறுக்க ஆகும் என்று வாங்கிக்கொண்டார்.

எப்படிச் செத்தான்? கடலிலா, கரையிலா? வலித்துச் செத்தானா? ஒன்று விடாமல் எழுது.

உன் அன்புத் தம்பி
வளன்


புன்னைக்காயல்
20-11-1977

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே சுகம். உன் கடிதம் கிடைத்தது.

வில்பிரட்டுக்குக் கோயிலில் இளைப்பாற்றி சொன்னது உண்மைதான். மற்றதைப் பிறகு எழுதுகிறேன். பிள்ளைக்குப் பரீட்சை. எனக்கும் உடம்பு சரியில்லை.

வேலையைக் கவனமாகச் செய். வின்ச்சுக்குப் பக்கத்தில் நிற்கும்போது வேறு ஞாபகம் வைக்காதே.

அக்கா
அல்போன்சா


பம்பாய்
3-12-1977

அன்புள்ள அக்காவுக்கு, வளன். சுகம். உனக்கு உடம்புக்கு என்ன? டாக்டரைப் பார்த்தாயா?

கிறிஸ்துமசுக்கு லீவு கிடைத்துவிட்டது. இருபத்திரண்டாம் தேதி மணியாச்சி. பிள்ளைக்கு ரப்பர் பொம்மை, உனக்கு ஒரு சேலை. இன்னும் கறுப்பு கட்டுகிறாயா என்று தெரியாததால் நீலத்தில் எடுத்திருக்கிறேன்.

இரண்டு மாதம் தூங்காதவன் இப்போது படுத்தால் எழுப்ப ஆள் வேண்டியிருக்கிறது. வந்ததும் முதல் வேலையாக அவன் கல்லறையைப் பார்க்க வேண்டும். பூ வைக்க இல்லை. பார்க்கத்தான். எப்படிச் செத்தான் என்று நீ இன்னும் எழுதவில்லை.

வளன்


புன்னைக்காயல்
11-12-1977

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பி வளனுக்கு அக்கா அல்போன்சா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ உட்கார்ந்துகொண்டு இதைப் படி.

வில்பிரட் சாகவில்லை. உயிரோடுதான் இருக்கிறார். பிச்சையா அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது அவ்வளவும் நடந்தது, ஆள் சாகாமலே நடந்தது. செய்தவள் நான்.

ஆத்துமாக்கள் திருநாளில் அவரவர் வீட்டுச் செத்தவர்கள் பேரைக் கொடுப்போம், தும்பாவுக்குப் பக்கத்தில் நின்று சாமியார் வாசிப்பார், ஊர் பதில் சொல்லும். எப்போதும் உபதேசியாரிடம்தான் பேரைச் சொல்ல வேண்டும். நான் முந்தின நாள் நேராகப் புதுச் சாமியாரிடம் போனேன். பாஸ்கல் பேரைச் சொன்னேன். அடுத்ததாக வில்பிரட் பேரைச் சொன்னேன். இவர் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரரு போன அன்னைக்கு இவரும் அங்கனதான் இருந்தாரு சாமி" என்றேன். பாவம், ஐயோ என்று தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

உயிரோடு இருக்கிறவனுக்கு இளைப்பாற்றி வைத்தால் அவன் வருசம் தாண்டமாட்டான் என்று நம்மூர்க் கிழவிகள் சொல்லிக் கேட்டிருக்கிறாய். நான் அதை நம்பித்தான் செய்தேன். அவன் சாக வேண்டும் என்று செய்தேன். மழுப்ப மாட்டேன்.

கோயில் நிறைய ஜனம். அவர் வழக்கம்போல ஆண்கள் பக்கம் முன் பெஞ்சில், பட்டுச் சட்டை. சாமியார் வாசித்துக்கொண்டே வந்தார். பாஸ்கல் என்றார். ஊர் பதில் சொல்லியது. இந்த முறையும் அவர் சத்தம்தான் மேலே நின்றது. அடுத்து, வில்பிரட் என்றார் சாமியார்.

ஒரு பிள்ளைகூட இருமவில்லை. ஜனத்துக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து, சாமியார் இன்னும் உரக்க, அப்பன் பேரையும் சேர்த்து வாசித்தார். உபதேசியார் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. வில்பிரட் மெல்லத் திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார். என்னைத்தான் தேடினார். ஆண்டவரே, இந்த ஒரு வரிக்கு மட்டும் குரல் கொடும் என்று கேட்டேன். எழுந்து நின்று, இளைப்பாற்றிக்குப் பதில் சொன்னேன். கடைசி வார்த்தை வரைக்கும் நான் ஒருத்திதான்.

முடிக்கிறபோது பின்னால் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் சேர்ந்துகொண்டது. மரியான். அழுதுகொண்டே சொன்னான். அவனுக்குப் பக்கத்தில் இன்னொருத்தர். அப்புறம் பெண்கள். சாமியார் புரியாமல் இன்னொரு முறை முன்வரியைச் சொன்னதும், தம்பி, ஊர் முழுக்கச் சொல்லியது. ஜன்னலுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் சொன்னார்கள். கோயில் ஓடு அதிர்ந்தது. அவர் பெண்டாட்டி பிளாரன்ஸ் விழுந்து அழுதாள். வில்பிரட் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

விசயம் தெரிந்து சாமியார் என்னைக் கூப்பிட்டுப் பெரிய பாவம் என்று திட்டினார். திட்டட்டும் என்று நின்றேன். பிறகு, ஏன் செய்தாய் என்று கேட்டார். இந்த ஊரில் என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் மரியானைக் கூட்டி வரச் சொன்னார். மறுவாரம் அவரே அவனைத் தூத்துக்குடிக்கு அழைத்துக்கொண்டு போனார். மரியான் மேஜிஸ்ட்ரேட் முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். தை மாதம் விசாரணை.

வில்பிரட் லாஞ்சில் இப்போது ஏற ஆள் இல்லை. ஊர் இளைப்பாற்றி சொன்னவனோடு எவன் கடலுக்குப் போவான்? லாஞ்சு கரையில் கிடக்கிறது. காக்கை உட்கார்ந்திருக்கிறது. போன மாதம் அவரே வந்து நம் வாசலில் நின்றார். ஆள் பாதியாகிவிட்டார். "அல்போன்சா, அந்தப் பூசையத் திருப்பி வாங்கிக்கோ" என்றார். "பாஸ்கலத் திருப்பித் தாங்க, வாங்கிக்கிடுதேன்" என்றேன். திரும்பிப் போய்விட்டார். எனக்கு இனித்தது, தம்பி. மறைக்க மாட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் உன் கடிதம் வந்தது.

நான் அவன் சாக வேண்டும் என்று வைத்த பூசை, உன் கத்தியிலிருந்து அவனைக் காப்பாற்றிவிட்டது. நான் அதை வைக்காமல் இருந்திருந்தால் மணியாச்சியில் நீ டீ குடித்துவிட்டு வண்டி ஏறியிருப்பாய். இந்நேரம் அவன் கல்லறையில், நீ தூக்குமேடைக்குப் போகிற வழியில். ஒரு உயிரை எடும் என்று கேட்டவள் வாயை வைத்து ஆண்டவர் இரண்டு உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. பீடத்துக்கு முன்னால் போய் நின்று, என்னை நன்றாக ஏமாற்றினீர் என்று கேட்டேன்.

உனக்கு ஏன் உடனே எழுதவில்லை என்று கேட்பாய். போய்விட்டது என்று நினைத்த பயம் திரும்ப வந்துவிட்டது. வில்பிரட்டுக்கு இல்லை, உனக்கு. அவன் உயிரோடு இருக்கிறான் என்று எழுதினால் நீ இன்னொரு கத்தி வாங்குவாய். எழுதாமல் விட்டால் நீ அவன் கல்லறையைத் தேடிக்கொண்டு வருவாய். அப்போது மாதிரியே செபமாலையை முதல் மணியிலிருந்து தொடங்கினேன். இன்று காலையில்தான் நடுங்காமல் முடித்தேன். அதனால் எழுதுகிறேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அவனுக்கு என்ன கேட்டேன் நான்? இளைப்பாற்றி. என் புருசனுக்குக் கேட்டதையே அவனுக்கும் கேட்டிருக்கிறேன். பாடுபட்டவர்களுக்குக் கேட்கிறதை அந்தப் பாவிக்குக் கேட்ட என் புத்தியை என்ன சொல்ல. அவன் செத்துப் படுத்துக்கொண்டால் மரியான் சாட்சி சொல்வதை யார் கேட்பது? அவன் கேட்க வேண்டும். கூண்டில் நின்று, காதைப் பொத்த முடியாமல், ஒவ்வொரு சொல்லாகக் கேட்க வேண்டும். அப்புறமும் இருக்க வேண்டும். தலை நரைத்து, பல் விழுந்து, ஒவ்வொரு ஆத்துமாக்கள் திருநாளிலும் பாஸ்கல் பேரை வாசிக்கிறபோது அதே கோயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆகையால் போட்ட பூசையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்கு வேறு வேண்டுதல் கருத்துக் கொடுத்திருக்கிறேன். வில்பிரட்டுக்கு உடம்பு சுகமும் நீண்ட ஆயுசும் கேட்டு. சாமியார் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் மனம் திரும்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். அவர் நினைக்கிறது பாதி சரியாகவும் இருக்கலாம், எனக்கே தெரியவில்லை. அவன் இரவில் தூங்குவதில்லை என்று பிளாரன்ஸ் சொன்னபோது, செபமாலையில் ஒரு மணி அவனுக்கென்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். மறுபடி சொல்வேனா என்று கேட்காதே.

பிச்சையா அண்ணாச்சி நேற்று வந்தார். உன் கத்தியால் கட்டுக் கயிறு அறுத்துக் கொடுத்தார். நன்றாக வெட்டுகிறது. அவரிடமே இருக்கட்டும்.

நீ இருபத்திரண்டாம் தேதி வா. நீலச் சேலையைக் கொண்டு வா, கட்டிக்கொள்கிறேன். திருநாள் அன்று நீ ஆண்கள் பக்கம் முன் பெஞ்சில், வில்பிரட்டுக்கு அடுத்து நிற்க வேண்டும். சாமியார் அவர் பேரைச் சொல்லி நீண்ட ஆயுசு கேட்கும்போது, பதில் சொல்கிறவர்களில் உன் சத்தம்தான் மேலே நிற்க வேண்டும்.

சேசுவில் உன் அக்கா
அல்போன்சா